பதினோரு பீட்சாப் பெட்டிகள்

பிப்ரவரி. ஏரி உறைந்து கிடக்கிறது.
ஆஷ்லாண்டில், ஏழாம் எண் பள்ளிப் பேருந்தைக்
கொட்டகையில் விட்டு வந்தால்
எட்டு ஐம்பதிலிருந்து இரண்டு பத்து வரை
வீடு என்னுடையது.
பூனைக்கும் அதே எண்ணம்;
இஸ்திரி போட்டு அடுக்கிய நீலத்துணிகளின் மேல்
காப்பி ஆறுகிற நேரம்கூடப் பொறுக்காமல்
சுருண்டுகொள்கிறது.

தைக்கத் தொடங்கிய போர்வைகள் பதினொன்று.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பீட்சாப் பெட்டி.
(எண்ணெய் படாத பெட்டிகள், டாலருக்கு நான்கு.
எதற்கென்று கடைக்காரர் வெர்ன் கேட்கவில்லை.
சின்ன ஊர். கேட்காமலே தெரியும்.)
மூடியில் தொடங்கிய தேதி எழுதியிருக்கிறேன்.
முடிக்கும் தேதிக்கும் இடம் விட்டது
என்ன தைரியமோ.

இரண்டாம் பெட்டியில் வாத்துகள்,
முக்கோணம் முக்கோணமாக நாற்பத்தெட்டு,
தெற்கே பறக்க வேண்டியவை.
தங்கையோடு தொலைபேசியில் பேசிக்கொண்டே தைத்த
ஒரு செவ்வாய்க்கிழமையில்
ஏழு மட்டும் வடக்கே திரும்பிவிட்டன.
பிரிக்க வேண்டும். பிரிக்கவில்லை.
பனி பிடித்த வாத்தும் இருக்கும்.

ஆறாவதில் கடுகு மஞ்சள் தீர்ந்துபோனது.
ஆலை அதை நிறுத்திவிட்டதாம்.
அரை கஜத்துக்காக நான்கு மாநிலம் தேடிவிட்டேன்.

ஒன்பதாவதைப் பற்றிப் பேச மாட்டேன்.

ராய்ஸ் கதவில் சாய்ந்து கேட்பார்:
ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் என்ன, ஆர்டிஸ்?
கேட்பவரின் கார்க்கொட்டகையில்
நான்கு வருடமாக ஒரு படகு
விலா எலும்பு தெரியக் குப்புறக் கிடக்கிறது.
என் துணிக் கத்தரியால் உப்புத்தாள் வெட்டியவரும் அவரே.
அன்றிரவு சூப்பில் உப்புப் போட மறந்தேன்.
மறந்தேன் என்றுதான் சொன்னேன்.

மூன்றாவது, பெட்டியை விட்டு
நாற்காலிக்கு வந்து நாளாயிற்று.
எதிர்வீட்டு மார்னாவின் மகன்
எம்மெட் பிறந்தபோது ஆரம்பித்தது.
தொட்டில் அளவு. கரடி, பிறை, கரடி, பிறை.
முதல் பிறந்தநாளுக்குள் முடியவில்லை,
ஒரு வரிசை சேர்த்தேன்.
நடந்தான், இன்னொரு வரிசை.
சைக்கிளிலிருந்து விழுந்து கைக்கு மாவுக்கட்டுப் போட்டான்,
சாம்பல் நிறத்தில் ஓர் ஓரம்.
அவன் காலை எட்டிப் பிடிக்கக்
கால் அங்குலம் கால் அங்குலமாக
ஓடிக்கொண்டிருக்கிறேன்.
இப்போது இரண்டாம் வகுப்பு.
என் பேருந்தில் மூன்றாவது நிறுத்தம்,
முன்பல் இரண்டும் இல்லாத ஒரு குட்மார்னிங்.
கரடியெல்லாம் இனிப் பிடிக்குமா என்று
கேட்கப் பயம்.

வியாழன் இரவு ஹீட்டர் நின்றது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
மெக்கானிக் காலையில்தான் வருவாராம்.
கம்பளித் தொப்பியோடு படுத்தோம்.
கோட்டுகளைப் போர்த்தினோம்,
கூடத்து விரிப்பையும் போர்த்தினோம். போதவில்லை.
ராய்ஸ் எழுந்து போனார்.
இருட்டில் நாற்காலி விழுந்தது.

பஞ்சும் பின்துணியும் சேர்த்துப்
போன வாரம்தான் ஊக்குக் குத்தியிருந்தேன்.
"ஊக்கு இருக்கிறது" என்றேன்.
"உயிரும் இருக்கட்டும்" என்றார்.

கரடிகளுக்கு அடியில் இருவர், நடுவில் பூனை.
அசைந்தால் குத்தும் என்பதால்
முப்பது வருடத்தில் முதல் முறையாக
அவர் புரளாமல் தூங்கினார்.
சூடாகத்தான் இருந்தது,
ஓரம் கட்டாமலே.

காலையில் எண்ணினால் இருநூற்றுப் பத்து.
குத்தியது இருநூற்றுப் பதினொன்று.
மெத்தையை உதறி, ராய்ஸை உதறி,
பூனையின் காலைத் தூக்கிப் பார்த்து,
நேரமாகிவிட ஓடினேன்.

மூன்றாவது நிறுத்தம்.
ஏறியவன் படியிலேயே நின்றான்.
"உங்க தொப்பியில ஊக்கு."
கழற்றினேன். முனையில் ஓர் இழை,
கரடிக் காதின் பழுப்பு.
"இது உன்னுது" என்று நீட்டினேன்.
புரியாமல் வாங்கிப்
பையின் ஜிப்பில் மாட்டிக்கொண்டான்.
கையுறைக்கும் கோட்டுக்கும் நடுவே
இரண்டு அங்குலம் மணிக்கட்டு தெரிந்தது.

இன்னும் ஒரு வரிசை.